விழுந்ததைச் சொல்லாத இல்லத்தில் அம்மாவை விட்டு வைக்கலாமா?

கேள்வி:

என் அம்மாவுக்கு 78 வயது. மூன்று வருடமாக மறதி நோய். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. முன்பு லேசான பக்கவாதம் வந்ததிலிருந்து ஈகோஸ்பிரின் சாப்பிடுகிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், தம்பி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறான். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் எட்டு மாதம் முன்பு புதுச்சேரி - கடலூர் சாலையில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். மாதம் 27,000 ரூபாய் கட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது அம்மாவின் நெற்றியில் வீக்கம் வடிந்து மஞ்சளாக இருந்தது. மேல்கையின் உள்பக்கம் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க, சின்ன அடிதான்" என்றார்கள். என்றைக்கு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வலது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருக்கிறது. ஐந்து மாதம் முன்பு 53 கிலோ இருந்தவர் இப்போது 46. போன மாதம் பேசியவர், இந்த முறை நான் இருந்த ஒரு மணி நேரமும் கண்ணே திறக்கவில்லை. "நோய் முத்திடுச்சும்மா, இனிமே இப்படித்தான் தூங்குவாங்க" என்கிறார் மேனேஜர். அறைக்குள் போக விடுவதில்லை. ஞாயிறு 10 முதல் 12 வரை முன் ஹாலில்தான் சந்திப்பு. சேர்க்கும்போது "எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

தம்பி, "நாம கேட்டா அம்மா மேலதான் காட்டுவாங்க, வேற இடமும் கிடைக்காது, பேசாம இரு" என்கிறான். அம்மாவை அடிக்கிறார்களா? வெளியே அழைத்து வந்துவிடவா? யாரிடம் புகார் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புகார், இடமாற்றம் எல்லாம் அப்புறம். இதைப் படித்ததும் தம்பிக்குப் போன் செய்யுங்கள். இன்றே அம்மாவை சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். கடலூர் சாலையிலேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர், எது பக்கமோ அங்கே போகலாம். அம்மா எழுப்பினாலும் எழவில்லை, வாந்தி எடுக்கிறார், ஒரு பக்கக் கை கால் தொய்ந்திருக்கிறது என்றால் கார் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். நாளை ஞாயிறு இல்லையே என்று இல்லத்தின் நேர அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். சேர்த்தது நீங்கள், சிகிச்சைக்கு அழைத்துப் போவதை அவர்கள் தடுக்க முடியாது.

இவ்வளவு அவசரப்படுத்த ஒரு காரணம் இருக்கிறது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இடைவெளி கூடி, அங்கே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். தலையில் பட்ட சின்ன அடிகூட அவற்றைக் கிழித்துவிடலாம். ஈகோஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கசிவு எளிதில் நிற்காது. விழுந்த அன்று பல நேரம் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தூக்கம், தடுமாற்றம், பேச்சுக் குளறல் என்று ஆரம்பிக்கும். மறதி நோய் இல்லாதவருக்கு இப்படி ஆனால் வீடே பதறி ஓடும். மறதி நோய் உள்ளவருக்கு ஆனால் "நோய் முத்திடுச்சு" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால், தேங்கிய ரத்தத்தை மண்டையோட்டில் சிறிய துளை போட்டு வெளியேற்ற முடியும். பலர் பழைய நிலைக்கே திரும்பியிருக்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தூக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒன்றைக்கூட நாள் கடத்தக் கூடாது. சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கிலோ இளைத்திருக்கிறார், அதாவது சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கலாம். கிளிமிபிரைட் மாதிரி மாத்திரை என்றால் சர்க்கரை அளவு தாழ்ந்து, காலையில் எழுப்பவே முடியாத நிலை வரும். பிரஷர் மாத்திரைகளில் சில, உடம்பில் சோடியத்தைக் குறைக்கும். அதுவும் ஆளை மந்தமாக்கும். சிறுநீர்த் தொற்று வந்தால் வயதானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சலே வராது, திடீர்க் குழப்பமும் தூக்கமும்தான் வரும். எனவே ஸ்கேனோடு சர்க்கரை, சோடியம், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். "எப்போதிலிருந்து இப்படி?" என்று மருத்துவர் கேட்பார். "போன மாதம் நான் வந்தபோது பேசினார், இப்போது கண் திறக்கவில்லை" என்று அந்த மாற்றத்தை அழுத்திச் சொல்லுங்கள். மறதி நோய் வருடக் கணக்கில் மெதுவாக இறங்கும் நோய். நாலு வாரத்தில் ஒருவர் இப்படிச் சரிந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

நாலாவது காரணம் தூக்க மருந்து. அதை அடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இல்லங்களில் அது பெரிய விஷயம். இரவில் எழுந்து நடக்கிற, கத்துகிற, உடையை அவிழ்க்கிற முதியவர்களை அடக்க குயிட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், குளோனசெபாம் போன்றவற்றைக் கொடுப்பது நம் பக்கம் சர்வ சாதாரணமாகிவிட்டது. இவற்றில் முதல் மூன்றும் மனநோய்க்கான மருந்துகள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்து மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் முதல் இரண்டுக்கும், 2008-இல் ஹாலோபெரிடாலுக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. கொடுக்கவே கூடாது என்றில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகும் அளவுக்கு ஒருவர் கொந்தளிக்கும்போது, மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பார். சில வாரங்களில் நிறுத்த முடியுமா என்றும் பார்ப்பார். இரவில் ஆள் போதாததற்காக மாத்திரை கொடுப்பது சிகிச்சையே அல்ல. தூங்கி வழிகிறவர் சாப்பிட மாட்டார், புரண்டு படுக்க மாட்டார், எழுந்தால் விழுவார். உங்கள் கடிதத்தில் இருக்கும் எல்லாமே, எடை, குதிகால், நெற்றி வீக்கம், இந்த ஒரே கண்ணியில் கோத்து வரக்கூடியவை.

ஆகவே மாத்திரை அட்டைகளைக் கேட்டுப் போட்டோ எடுங்கள். எந்த மருத்துவர், எந்தத் தேதியில், எதற்காக எழுதினார் என்ற சீட்டையும் கேளுங்கள். சீட்டே இல்லாமல் ஒரு மாத்திரை போய்க்கொண்டிருந்தால் அங்கே அம்மா இருக்க வேண்டியதில்லை. ஆனால் கோபத்தில் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். குளோனசெபாம் போன்றவை திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் படிக்குக் குறையட்டும்.

சரி, அடிக்கிறார்களா என்று கேட்டீர்கள். அதை உங்கள் வரிகளை வைத்து என்னால் சொல்ல முடியாது, நேரில் பார்க்கிற மருத்துவராலும் பல நேரம் உறுதியாகச் சொல்ல முடியாது. முதியவர்களின் தோல் மெலிந்து போயிருக்கும். ஈகோஸ்பிரினும் சேர்ந்தால் சும்மா பிடித்தாலே கன்றும். நிறத்தை வைத்து "இது பத்து நாள் அடி" என்று சொல்வதும் நம்பகமானதல்ல. மேல்கை உள்பக்கத்து விரல் தடம், பெரும்பாலும் அக்குளில் கை கொடுத்து இழுத்துத் தூக்குவதால் வரும். படுத்திருப்பவரை உட்கார வைக்க, எழுப்பி நிறுத்த ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேர் வேண்டும், இடுப்பில் பெல்ட்டோ துணியோ வேண்டும். அதைச் சொல்லித்தராமலே ஒரு ஆயாவைத் தனியாக ஆறு பேருக்கு விட்டால் அவர் கையைப் பிடித்துத்தான் இழுப்பார். அது கொடுமை செய்யும் எண்ணம் இல்லைதான், ஆனால் அதற்காக அதைச் சரி என்று விட முடியாது. தோள் மூட்டே நழுவலாம்.

அடி என்று நான் உடனே சந்தேகப்படும் இடங்கள் வேறு. காது, கழுத்து, மார்பு, தொடையின் உள்பக்கம், முதுகு. இரண்டு மணிக்கட்டிலும் வளையம் போட்ட மாதிரித் தடம் இருந்தால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டும். பழைய புடவைத் துணியால் கட்டுவதை "விழாம இருக்கத்தான்" என்பார்கள். கட்டப்பட்டவர் அவிழ்த்துக்கொள்ளப் போராடி இன்னும் மோசமாக விழுகிறார் என்பதுதான் வார்டில் பார்த்த உண்மை. மருத்துவமனையில் மறைவான அறையில், ஒரு பெண் செவிலியர் துணையோடு, அம்மாவின் உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போனதும் "எப்படி அடிபட்டது என்று எங்களுக்குத் தெரியாது, இல்லத்தில் இருந்தபோது நடந்தது" என்றே சொல்லுங்கள். அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த வாசலில் போய் நின்றாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அடித்தார்களா என்பதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, விழுந்ததை உங்களுக்குச் சொல்லவில்லை என்பது. நல்ல இல்லத்திலும் முதியவர்கள் விழுவார்கள். நடமாடுகிற மனிதர் விழாமலே இருக்க ஒரே வழி அவரை நடமாட விடாமல் செய்வது, அது விழுவதைவிடக் கெடுதல். "எங்க இல்லத்துல ஒருத்தர்கூட விழுந்ததில்லை" என்று பெருமை பேசும் நிர்வாகத்தைவிட, இரவு 2 மணிக்குப் போன் போட்டு "அம்மா விழுந்துட்டாங்க, பிரஷர் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, டாக்டருக்குச் சொல்லிட்டோம்" என்கிற நிர்வாகத்தைத்தான் நான் நம்புவேன். விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இல்லத்தின் தரம் இருக்கிறது. எழுதி வைத்தார்களா, வீட்டுக்குச் சொன்னார்களா, ஏன் விழுந்தார் என்று யோசித்தார்களா, கட்டிலைத் தாழ்த்துவதோ பாத்ரூமில் கைப்பிடி போடுவதோ இரவு 10 மணிக்கு ஒருமுறை தாங்களே பாத்ரூம் அழைத்துப் போவதோ, எதையாவது மாற்றினார்களா? "என்றைக்கு என்று தெரியவில்லை" என்ற பதிலில் இந்த நான்கும் இல்லை. வேண்டுமென்றே யாரும் கை ஓங்காத இடமாகவே இருந்தாலும், நடந்ததை எழுதாத, சொல்லாத இல்லம் ஆபத்தான இல்லம்தான். அடுத்த முறை விழுவதும் உங்களுக்குத் தெரியாது.

குதிகாலுக்கு வருகிறேன். அது படுக்கைப்புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயாளி என்பதால் காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வெள்ளைத் தோலில் படுக்கைப்புண் சிவப்பாக ஆரம்பிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருப்பது புரியும். கறுத்துப்போன பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். செய்ய வேண்டியது எளிது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதன் மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். காய்ந்து கறுத்து, சுற்றிலும் சீழோ சிவப்போ இல்லாத தோலைப் பிய்க்கக் கூடாது. கையுறையில் தண்ணீர் நிரப்பி அடியில் வைப்பது, நடுவில் ஓட்டை உள்ள வளையத்தில் உட்கார வைப்பது, அந்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது, பவுடரைக் கொட்டுவது, இவை எதுவும் உதவாது. வளையமும் தேய்ப்பதும் கெடுதலே செய்யும். வலது குதிகாலில் வந்திருந்தால் இடது குதிகாலையும் இடுப்பையும் வால் எலும்புப் பகுதியையும் உடனே பாருங்கள். ஹாலில் உட்கார வைத்துச் சந்திக்க விடும் வழக்கத்தில் உங்களுக்கு அவை கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

புரட்டிப் படுக்க வைப்பதற்கு ஒரு சார்ட் இருக்க வேண்டும்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், யார் என்று. வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அந்தத் தாளைக் கேளுங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், 24 மணி நேரமும் சரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்பியிருந்தால், அது டியூட்டி முடியும்போது மொத்தமாக எழுதியது.

எடையைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 10 குறைந்தால் அதை அசட்டை செய்யக் கூடாது என்பது முதியோர் பராமரிப்பில் எல்லோரும் ஏற்ற அளவு. உங்கள் அம்மா ஐந்தே மாதத்தில் நூற்றுக்கு 13 இழந்திருக்கிறார். மாதாமாதம் எடை பார்க்கிற இல்லம் என்றால் இரண்டாவது மாதமே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். சாப்பாடே போடவில்லை என்று நினைக்க வேண்டாம். தட்டு வரும், வைப்பார்கள், அரை மணியில் எடுத்துவிடுவார்கள். மறதி நோய் முற்றியவருக்கு ஒரு வேளை ஊட்ட அரை மணி, முக்கால் மணி ஆகும். வாயில் வைத்ததை விழுங்க மறந்து உட்கார்ந்திருப்பார். "முழுங்கும்மா" என்று சொல்லி, தொண்டை அசைவதைப் பார்த்து, அப்புறம் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். நிமிர உட்கார வைத்து ஊட்டி, சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு ஆயா என்றால் ஆளுக்குப் பத்து நிமிடம்கூட வராது. பல் செட் பொருந்தாமல் போயிருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா, எத்தனை நாளாக மலம் போகவில்லை என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் பசியைக் கொல்லும்.

தம்பியின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பிள்ளைகள் வாய் மூடி இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணம், அலட்சியம் இல்லை. ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். யாரும் கேட்காத முதியவருக்குத்தான் இல்லத்தில் கவனிப்பு முதலில் குறைகிறது. கேட்கிற குடும்பம் என்று பெயர் வந்துவிட்ட கட்டிலுக்கு யாரும் குறை வைக்கத் துணிய மாட்டார்கள். எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம். ஹாலில் நின்று கத்தினால் அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் ஆயாவுக்குத் திட்டு விழும், நிர்வாகம் தப்பித்துவிடும். அந்தப் பெண்கள் பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்து, இடுப்பு விட்டுப்போய், கையில் சொற்பமாக வாங்கிக்கொண்டு, அடுத்தவர் அம்மாவின் மலத்தை அள்ளுகிறவர்கள். எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று முடிவு செய்தது அவர்கள் இல்லை. ஆயாக்களிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள், நன்றி சொல்லுங்கள். பொங்கலுக்கு, தீபாவளிக்கு எல்லோருக்கும் சமமாக ஏதாவது கொடுங்கள். "அம்மாவைப் பாத்துக்கோ" என்று ஒருவர் கையில் மட்டும் ஐந்நூறைத் திணிக்காதீர்கள். அது பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் வேறொரு அம்மாவின் நேரத்தை விலைக்கு வாங்குவது.

கேள்விகள் நிர்வாகத்துக்குப் போகட்டும், எழுத்தில். வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் இப்படி அனுப்புங்கள்: "அம்மாவுக்கு நெற்றியிலும் மேல்கையிலும் அடிபட்டிருப்பதையும் வலது குதிகால் கறுத்திருப்பதையும் ஞாயிறு நேரில் பார்த்தேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே விழுந்தார், யார் பார்த்தார்கள், அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். சேர்ந்த நாளிலிருந்து எடைக் குறிப்பு, இப்போது கொடுக்கும் மருந்துகளின் பட்டியல், மருத்துவர் சீட்டு ஆகியவற்றின் நகல் வேண்டும். அந்த வாரங்களின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கவும்." குற்றச்சாட்டு எதுவும் இல்லை, கேள்வி மட்டும்தான். சிசிடிவி பதிவின் மேல் புதுப் பதிவு தானாக ஏறிவிடும் என்பதால் அந்தக் கடைசி வரி நாளைக்குத் தள்ளக் கூடாதது.

கூடவே, இரவு 9 முதல் காலை 6 வரை தூங்காமல் விழித்திருக்கும் ஆட்கள் எத்தனை பேர், எத்தனை முதியவர்களுக்கு என்று கேளுங்கள். பகலில் யார் வேண்டுமானாலும் நாலு பேரை நிறுத்திக் காட்டலாம். இரவில்தான் விழுகிறார்கள், இரவில்தான் நனைந்த துணியிலேயே கிடக்கிறார்கள், இரவில்தான் மாத்திரை கொடுத்து அடக்கப்படுகிறார்கள்.

அறைக்குள் விட மறுப்பதை ஏற்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் உடை மாற்றும்போது வெளியே நிற்கச் சொன்னால் அது நியாயம். ஆனால் பெற்ற தாய் படுக்கும் கட்டிலைப் பார்க்கவே கூடாது என்பதில் எந்த நியாயமும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அரை மணிப் பயணம்தானே. தம்பி வாரத்தில் ஒரு நாள், நாளும் நேரமும் சொல்லாமல், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போகட்டும். அவருக்கு முடியாத வாரம் ஒரு அத்தையோ சித்தியோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ போகட்டும். ஒரு வேளை ஊட்டிவிட்டு வந்தாலே போதும், அந்த இடத்தைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். அங்கே வரும் மற்ற குடும்பங்களின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக ஒரு வீடு கேட்பதைவிட நாலு வீடு சேர்ந்து கேட்டால் நிர்வாகம் இறங்கி வரும்.

புகார் எங்கே என்பதற்கு, முதலில் அந்த இல்லம் புதுச்சேரி - தமிழ்நாடு எல்லையான முள்ளோடைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பக்கம் என்றால் புதுச்சேரி அரசின் சமூக நலத்துறை. ரெட்டிச்சாவடியிலிருந்து தெற்கே என்றால் தமிழ்நாடு. கடலூர் மாவட்ட சமூக நல அலுவலர், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சாலை, ஒரே பேச்சு என்பதால் பலர் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள். எந்தப் பக்கமானாலும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டினார்கள், அடித்தார்கள் என்பதற்கு அடையாளம் தெரிந்தால் அலுவலகம் அலுவலகமாகப் போகாமல் நேராகக் காவல் நிலையம் போங்கள், ஏ.ஆர். காப்பியோடு.

மனுவால் என்ன ஆகும் என்று தம்பி கேட்கலாம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில், அனுமதி இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து ஆதரவற்றவர்களையும் மனநலம் குன்றியவர்களையும் அதிகாரிகள் மீட்டது நினைவிருக்கும். அங்கே சேர்த்த ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுதான் அந்தக் கதவைத் திறந்தது. ஒருவருக்காகக் கேட்டது, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் உதவியது.

நீங்கள் போட்ட கையெழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். "பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டால் கவனக்குறைவுக்குப் பதில் சொல்லும் கடமை போய்விடாது. மாதம் 27,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்வது சேவை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே கொடுக்கலாம் என்பது இந்தச் சட்டத்தில் வந்த நல்ல மாற்றம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டுமென்றால், பெண்கள் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது; 15100-க்குப் பேசுங்கள். வங்கிப் பரிமாற்ற ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வெளியே அழைத்து வரலாமா? மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னால் அந்த நாட்களே உங்களுக்கு யோசிக்கக் கிடைத்த நேரம். மறதி நோய் உள்ளவருக்கு இடமாற்றம் லேசானதல்ல. புது அறை, புது முகங்கள், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாத குழப்பம். முதல் சில வாரங்களில் விழுவதும் சாப்பிடாமல் இருப்பதும் கூடும். அதனால் கோபத்தில் இடம் மாற்ற வேண்டாம் என்பேன். எழுதிக் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் வந்து, பதிவுகளைக் காட்டி, இரவு ஆளைக் கூட்டி, அறைக்குள்ளும் விட்டால் ஒரு மாதம் கூர்ந்து பார்க்கலாம். மழுப்பினால், பதிவு இல்லை என்றால், சீட்டில்லாமல் மாத்திரை போயிருந்தால், கட்டியிருந்தால், அங்கே திரும்ப அனுப்பாதீர்கள். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

புது இடம் பார்க்கப் போகும்போது பகல் 11 மணிக்குப் போகாதீர்கள், அது எல்லா இல்லமும் அழகாக இருக்கும் நேரம். மாலை 7 மணிக்கு மேல் போங்கள். அங்கே இருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள், உதடு காய்ந்திருக்கிறதா பாருங்கள், தண்ணீர் டம்ளர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா பாருங்கள். டிவி முன்னால் எல்லோரும் தலை தொங்கத் தூங்குகிறார்களா என்றும் பாருங்கள்.

நம் கடற்கரையில் கேட்டே ஆக வேண்டிய இன்னொன்று புயல். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்த பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்கள் தம்பிக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தொடர்ந்து தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. எழுந்து நடக்க முடியாதவர்களைத் தரைத்தளத்தில் வைத்திருந்தால், தண்ணீர் ஏறும்போது யார், எப்படி மேலே தூக்குவார்கள்? ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? ஒரு வாரத்துக்கு மாத்திரையும் குடிநீரும் இருப்பு உண்டா? படுக்கைப்புண்ணுக்காக வாங்கும் ஏர் பெட் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் காற்றிறங்கி, ஆள் பலகையில் படுத்த மாதிரி ஆகிவிடும். அந்த நாட்களில் கையால் புரட்டிப் போடத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்குத் திருதிருவென்று விழிக்கும் நிர்வாகம் மழைக்காலத்தில் அம்மாவை வைத்திருக்கத் தகுந்ததல்ல.

மாற்றுவதாக முடிவானால் அம்மாவோடு ஒரு தாளும் போகட்டும். மருந்துப் பட்டியல், எடை, குதிகாலின் இன்றைய போட்டோ, விழுந்த விவரம், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், காபியா டீயா, பயம் வந்தால் என்ன சொன்னால் அடங்குவார் என்பது வரை எழுதுங்கள். கடைசி நான்கும் எந்த மருத்துவச் சீட்டிலும் இருக்காது, உங்களுக்கும் தம்பிக்கும்தான் தெரியும். ஸ்கேன் முடிவும் மாத்திரைப் பெயர்களும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்; மருத்துவரிடம் அடுத்து என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன்.